இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது

காலைக் கொஞ்சம் தள்ளி வைம்மா. அந்தப் பைக்குள் ஒரு நாடே இருக்கிறது. மலை, ஆறு, சதுப்பு நிலம், ஒரு துறைமுகம். செருப்புக் காலை நீ அதன்மேல் வைத்தால் நாற்பது நாள் பாடு போச்சு.

சிரிக்காதே. என்னைப் பார்த்தால் கழன்ற கேஸ் மாதிரியா இருக்கிறது? பைக்குள் இருப்பது வீடியோ கேம் பெட்டி. டிவியில் மாட்டி ஆடுவார்களே, அது. துண்டில் சுற்றி, மேலே இரண்டு புடவையைப் போட்டு, நாமக்கல்லில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். யாருடையது என்றால் எங்கள் வீட்டுக்காரருடையது. அவருக்குத் தெரியுமா என்றால் தெரியாது. அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துவிட்டேன்.

நீ என்ன வேலை பார்க்கிறாய்? நர்ஸா? கண் ஆஸ்பத்திரியிலா! நல்லதாகப் போயிற்று. உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கடைசியில் கேட்கிறேன். அதுவரை நடுவில் பேசாதே. நடுவில் பேசினால் எனக்குக் கோர்வை அறுந்துவிடும்.

முதலில் நோட்டு. எல்லாம் நோட்டில்தான் ஆரம்பித்தது.

நான் கான்வென்டில் படித்தவள். எட்டாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னடின் ஒரு பழக்கம் வைத்தார்கள். தினமும் புதிதாக ஓர் இங்கிலீஷ் சொல். இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் அர்த்தம், கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். வாக்கியம் உன் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். "அடுத்தவள் வாக்கியத்தை எழுதுவது அடுத்தவள் பிரஷ்ஷில் பல் தேய்ப்பது மாதிரி" என்பார்கள் சிஸ்டர். பள்ளிக்கூடம் முடிந்ததும் மற்றப் பெண்கள் எல்லாம் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கும் எழுதினேன். அபிநயா பிறந்த மூன்றாம் நாள் எழுதினேன். அன்றைய சொல் 'மினியேச்சர்'. வாக்கியம்: 'என் மாமியாரின் மூக்கை மினியேச்சராகச் செய்து என் மகளுக்கு வைத்திருக்கிறார் கடவுள்.' 'விண்டிக்டிவ்' என்று ஒரு சொல். வஞ்சம் வைத்திருப்பவர் என்று அர்த்தம். அதற்கு, 'என் மாமியார் விண்டிக்டிவ் இல்லை, அவருக்கு ஞாபகசக்தி மட்டும் அதிகம்' என்று எழுதியிருந்தேன். இப்படி நாற்பது வருஷம். பதினான்கு கட்டு நோட்டு. ஒருவருக்கும் காட்டியதில்லை. அழுததற்கு ஒரு சொல், சிரித்ததற்கு ஒரு சொல், யாரிடமும் சொல்ல முடியாததற்கு ஒரு சொல். எல்லாம் பரணில், பழைய பட்டுப்பாவாடையில் கட்டி வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர். வாய்க்கால், மதகு, பாலம் என்று முப்பத்து மூன்று வருஷம் வெயிலில் நின்றுவிட்டு ரிட்டையர் ஆனார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரிட்டையர் ஆன ஆண்பிள்ளை பகல் முழுக்க வீட்டுக்குள் இருப்பது, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா நுழைந்த மாதிரி. உப்பு ஜாடி இடம் மாறும். கடுகு டப்பாமேல் சீட்டு ஒட்டியிருக்கும், அதுவும் தப்பு ஸ்பெல்லிங்கில். அவர் தமிழ் மீடியம். அந்தக் காலத்தில் அவருடைய ஆபீஸ் ரிப்போர்ட்டுகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சிவப்பு மையில் சுழித்துத் திருத்திக் கொடுத்ததே நான்தான்.

ஒருநாள் உறையூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வருகிறேன், குளியலறையில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் உட்கார்ந்திருக்கிறது.

"ஏங்க, இது ஏது?"

"பரண ஒழிச்சேன் சுகந்தி. பழைய பேப்பர், நோட்டு எல்லாத்தையும் வண்டிக்காரன்கிட்டப் போட்டேன். பதிலுக்கு இதக் குடுத்தான். தட்டிப் பாரு, நல்ல கனம்."

"நோட்டா? எந்த நோட்டு?"

"ஏதோ பழசு. இடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

வளைகாப்புப் புடவையோடு பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "லோடு ஏறிருச்சும்மா. சிவகாசிக்கு. வெடி சுத்த." அவ்வளவுதான். நான் யாரிடமும் சொல்லாத சொல்லையெல்லாம் எந்த ஊர்ப் பிள்ளையோ தீபாவளிக்குத் திரி கிள்ளிப் போட்டு வெடித்துவிடும். ஒருவேளை ஒன்றிரண்டு தாள் ஊருக்குள் தங்கியிருக்குமோ என்று மூன்று மாதம் வேர்க்கடலைப் பொட்டலத்தை எல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கண்டவர்கள் கையெழுத்தெல்லாம் வந்தது. என்னுடையது வரவில்லை.

நான் அவரிடம் எதிர்பார்த்தது என்ன? நகையா, புடவையா? 'தப்புதான் சுகந்தி' என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு டஜன் புது நோட்டு வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். வெற்று நோட்டு! என் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் போட்டுவிட்டோமே என்று ஓர் ஐயோ இல்லை. பதினோரு நாள் அவரோடு பேசவில்லை நான். பேசாததும் அவர் காதில் விழவில்லை.

இப்போது இந்தப் பெட்டி. இது அபிநயா புனேயிலிருந்து அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் பரிசாக அனுப்பியது. 'அப்பா, சும்மா இருந்தா உடம்பு கெட்டுடும், ஆடு' என்று. வாரன்மூர் என்று ஒரு நாடு அதற்குள். போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், போகாதே என்றும் சொல்ல மாட்டார்கள். வாளெடுத்து வீரனாகலாம், வில்லெடுத்து வேடனாகலாம். இவர் மந்திரவாதியாகியிருந்தார். இடுப்பு வரை தாடி, தரையைக் கூட்டுகிற நீல அங்கி, கையில் நுனியில் கல் பதித்த தடி. பெயர் வைக்கச் சொல்லி அந்த ஆட்டம் கேட்டிருக்கிறது. இவர் வைத்த பெயர், 'இ.ஆர். தணிகாசலம்'. இன்ஜினியர் என்பதன் சுருக்கம்! வாரன்மூர் குடிமக்கள் எல்லாம் குனிந்து, "வாருங்கள் இ.ஆர். தணிகாசலம்" என்று திரையில் எழுத்தாக வணங்குவார்கள். இவர் சோபாவில் லுங்கியோடு உட்கார்ந்து தலையசைத்து ஏற்றுக்கொள்வார்.

அந்த மந்திரவாதிக்கு மலைமேல் ஒரு கோபுரம். கோபுரத்துக்குள் சுவர் நிறையப் புத்தக அடுக்கு. ஒவ்வொரு குகையாய் நுழைந்து, ஒவ்வொரு பிசாசாய் அடித்து, இரண்டு வருஷத்தில் நூற்று நாற்பத்திரண்டு மந்திரப் புத்தகம் சேர்த்திருந்தார். நிறம் பார்த்து அடுக்கியிருந்தார். நோட்டு போன துக்கத்தில் நான் குப்புறக் கிடந்த அந்தப் பதினோரு நாளும் அவர் சண்டைக்கும் போகவில்லை, குகைக்கும் போகவில்லை. கோபுரத்துக் கட்டிலோரம் மந்திரவாதியை உட்கார வைத்து, திரையில் இங்கிலீஷ் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து, ஓர் எழுத்து, அப்புறம் ஓர் எழுத்து என்று டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தார். அபிநயா போனில் கேட்டபோது "ஒரு ரிப்போர்ட்டும்மா" என்றார். பார்த்தாயா? வீட்டில் பெண்டாட்டி பேசாமல் கிடக்கிறாள், இவருக்கு இல்லாத நாட்டில் ரிப்போர்ட்!

அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன் ஒருநாள். காற்றில் இருக்கிற புத்தகத்துக்கு அடுக்கு. கையால் எழுதிய புத்தகத்துக்குச் சிவகாசி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் என் சொல்லை விற்றார், நான் அவர் மந்திரத்தை விற்பேன். ஒன்று விடாமல்.

எப்போது? அதற்குத்தான் கண் வந்து உதவியது. புரை முற்றி ஆபரேஷன் செய்துகொண்டார். பத்து நாள் டிவி, செல்போன் பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் நான் "நாற்பது நாள்" என்றேன். என் நோட்டுக்கு வருஷத்துக்கு ஒரு நாள். தவக்காலமும் நாற்பது நாள்தான், சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் அவர் காது அப்படி. முப்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றும் அதற்குள் ஏறியதில்லை.

"நாப்பதா?" என்றார்.

"நாப்பது."

கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி சுகந்தி" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். கூடத்தை ஒட்டித்தான் படுக்கையறை. கதவைச் சாத்தட்டுமா என்றேன். தொறந்தே இருக்கட்டும், காத்து வரும் என்றார். எனக்கென்ன, கண் தெரியாதவர் கதவு திறந்திருந்தால் என்ன, சாத்தியிருந்தால் என்ன.

மறுநாள் காலை இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு வாரன்மூருக்குள் இறங்கினேன்.

நடக்கவே தெரியவில்லையம்மா. கையில் பிடித்து ஆடுகிற கருவியில் ஒரு கட்டைவிரல் நடத்துவது கால், இன்னொன்று நடத்துவது கழுத்து. நான் காலை அசைத்தால் கழுத்து மேலே போய்விடும். ஒரு வாரம் மந்திரவாதி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே, மழை வருமா என்று பார்க்கிற மிராசுதார் மாதிரி நடந்தார். கிணற்றில் விழுந்தார். ஒரு பன்றி முட்டிச் செத்தார். ஓநாய் மட்டும் ஒன்பது தடவை. இத்தனைக்கும் இவர் இரண்டு வருஷம் சேர்த்த பலம் அத்தனையும் அந்த உடம்பில் இருந்தது. என்ன இருந்து என்ன? கார் பெரிசாக இருந்தால் ஓட்டத் தெரிந்துவிடுமா?

முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினேன். பின்னாலிருந்து வருகிற ஓநாய் தெரியவில்லை. அதனால் கொஞ்சூண்டு வைத்தேன்.

உள்ளேயிருந்து, "என்ன சுகந்தி சத்தம்?"

"சீரியல்."

"சீரியல்ல ஓநாயா?"

"பக்தி சீரியல்."

அதற்கப்புறம் கேட்கவில்லை. ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் அவரை.

மந்திரவாதியாக இருப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்காதே. வேலைக்காகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். வாள்காரன் அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடிப்பான். மந்திரவாதிக்கு அடி தாங்காது. ஒன்று விழுந்தால் ஆள் காலி. அதனால் எட்ட நிற்க வேண்டும், எவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பார்க்க வேண்டும், சரியான நேரத்தில் சரியான சொல்லைப் போட வேண்டும். போட்டால் எதிரில் நிற்கிறவன் அங்கேயே பொசுங்குவான். மாமியார் வீட்டில் முப்பது வருஷம் நான் வேறென்ன செய்தேன்? எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீலக் கோடு ஒன்று இருக்கிறது, அதுதான் மந்திர சக்தி. அது தீர்ந்துபோனால் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். நீலக் கோடு தீர்ந்த மந்திரவாதியும் ரிட்டையர் ஆன இன்ஜினியரும் ஒன்று. தடி இருக்கும், ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.

புத்தகம் வாங்குகிற கடைக்காரி துறைமுகத்தில் இருந்தாள். கோபுரத்திலிருந்து இறங்கி, ஆற்றைத் தாண்டி, சதுப்பைத் தாண்டி, ஒரு கணவாய் வழியாகப் போக வேண்டும். ஒரு நடைக்கு நாலு புத்தகம்தான் தூக்க முடியும், அதற்குமேல் ஏற்றினால் மந்திரவாதி நிறைமாதக்காரி மாதிரி நடப்பார். ஆக நாலு நாலாகச் சுமந்தேன். நன்றாகக் கேட்டுக்கொள், ஒவ்வொன்றையும் திறந்து முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுத்தான் விற்றேன். நான் அவர் மாதிரி இல்லை. ஒரு புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுகிற ஜன்மம் இல்லை நான். படித்துவிட்டு, கடைக்காரி மேஜைமேல் வைப்பேன். 'ணங்' என்று ஒரு மணிச் சத்தம். போயிற்று ஒன்று. எனக்கு நெஞ்சுக்குள் ஐஸ்கிரீம் இறங்குகிற மாதிரி இருக்கும்.

அவள் ஒரு கெட்டிக்காரி. விற்றதை மூன்று நாள் வைத்திருப்பாள், மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கப்பலில் ஏற்றிவிடுவாள். அந்த ஊர் மூன்று நாள், நமக்கு மூன்று மணி நேரம். எனக்கு மனசு மாறவில்லை. மூன்று மணி நேரமும் எதிரே இருக்கிற பாறைமேல் ஏறி நின்று, கப்பல் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். சில நாள் அப்படி நிற்கும்போது அங்கே விடியும். கடல் முழுக்க முதலில் ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கும், அப்புறம் பித்தளை ஆகும். ஒருநாள் கணவாய்க்குப் போகிற வழியில் யாரும் போகாத ஒரு சரிவில் நீலப் பூவாகப் பூத்துக் கிடந்தது. அதற்குள் போய்ச் சும்மா நின்றேன். வேவு பார்க்கத்தான். குக்கர் ஒன்பது விசில் அடித்துவிட்டது. அன்றைக்குக் குழைந்த சோற்றைத் தின்றுவிட்டு அவர், "பூப்போல இருக்கு சோறு" என்றார். நக்கலாம்!

ஆனால் ஒன்று. ஆபரேஷனுக்கு அப்புறம் மனிதர் உளற ஆரம்பித்துவிட்டார். இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்றேன்.

முதல் தடவை, நான் ஆற்றங்கரையில் நிற்கிறேன். பாலத்தில் கால் வைத்தால் மூன்று பலகை தாண்டியதும் பொத்தென்று ஆற்றில் விழுந்து சாகிறேன். நாலு தடவை. உள்ளே படுத்திருந்தவர் திடீரென்று, "பாலத்துல போகாத. கீழ்ப்பக்கமா இறங்கினா முழங்கால் தண்ணிதான்" என்கிறார். பாவம், ஆபீஸ் ஞாபகம். பாலம் கட்டியே வாழ்க்கை போனவர். "சரி, தூங்குங்க" என்றேன். என்ன தோன்றியதோ, அந்தப் பக்கம் நானும் கீழே இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. அதிர்ஷ்டம்.

இரண்டாவது தடவை கணவாயில். அங்கே தணலால் செய்த ராட்சசன் ஒருவன். கொன்றாலும் நாலு நாளில் திரும்ப வந்து நிற்பான், குழாயடிச் சண்டைக்காரி மாதிரி. நான் நெருப்பு மந்திரமாகப் போட்டுத் தள்ளுகிறேன், அவன் நின்று குளிர் காய்கிறான். உள்ளேயிருந்து இவர், "நெருப்பு அவனுக்கு ஒண்ணும் பண்ணாது. ஐஸ் வை, ஐஸ்" என்று முனகினார். கண் எரிகிறதாக்கும் என்று பதறிப்போய் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். "எனக்கில்ல" என்றார். நான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். மனசில் ஐஸ் ஐஸ் என்றே ஓடிக்கொண்டிருந்ததா, கை தானாகப் பனி மந்திரத்தை எடுத்துப் போட்டுவிட்டது. ராட்சசன் கல்லாகி உடைந்தான்.

மூன்றாவது தடவை, முப்பத்தொன்பதாம் நாள். நூற்று நாற்பத்திரண்டாவது புத்தகத்துக்கு மணி 'ணங்' என்றது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, "இன்னும் ஒண்ணு இருக்கு சுகந்தி. கட்டில்கிட்ட. அதத் தொறந்து..." என்றார். சொட்டு மருந்தைத்தான் சொல்கிறார். கட்டில் பக்கத்து ஸ்டூலில்தான் வைத்திருப்பேன். "தொறந்துதான் காலைலயே போட்டேனே, எத்தனை தடவ போடுவாங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் கடைசியாக ஒருமுறை கோபுரத்துக்குப் போனேன். அடுக்கெல்லாம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. பார்த்தால் கட்டிலோரம் சின்னதாக, பழுப்பு அட்டை போட்டு ஒரு குறிப்பேடு. மந்திரப் புத்தகம்கூட இல்லை. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஒன்று விடாமல் என்று சபதம் போட்டவள் எப்படி விடுவது? எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். மத்தியானம் நாத்தனார் வருவதாகப் போன் வந்திருந்தது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அதில் என்ன இருந்துவிடப்போகிறது? 'ணங்'.

அன்றைக்குக் கப்பலுக்குக்கூட நிற்காமல் கோபுரத்துக்குத் திரும்பி வந்து ஒரு நல்ல காரியம் செய்தேன். அந்த ஊர்க் குடிசை ஒன்றிலிருந்து மரவாளி ஒன்றைத் தூக்கி வந்து, காலி அடுக்கின் நட்டநடுவில் வைத்தேன். பச்சை டப் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்தேன்.

இன்றைக்குக் காலையில் கண்ணாடியைக் கழற்றினார். சோபாவில் உட்கார்ந்தார். நான் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றேன். முப்பது வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததே இல்லை. பெட்டியைப் போட்டார். கோபுரம். அடுக்கு. காலி. நடுவில் வாளி.

வாளியைப் பார்த்தார். "நல்ல கனமா இருக்கும்போல" என்றார்.

பிறகு அடுக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மந்திரவாதியை நேராகக் கட்டிலோரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கேயும் ஒன்றுமில்லை.

"அந்தச் சின்னது?"

"அதுவும்தான்."

"சரி. இடத்த அடைச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றார். அணைத்தார். தொட்டியில் தண்ணீர் பார்க்க மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு கத்தல் இல்லையம்மா. தலையில் ஒரு அடித்துக்கொள்ளல் இல்லை. நான் பழைய பேப்பர் கடை வாசலில் நின்ற மாதிரி ஒரு நிமிஷம் அவர் நின்றிருந்தால் நான் இந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டேன். நாற்பது நாள் ஓநாயிடம் கடிபட்டுப் பழிவாங்கியிருக்கிறேன், அது மனிதர்மேல் ஒட்டவே இல்லை! அதனால்தான் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ சொல். கண் புரை ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி உளறல் எத்தனை நாளைக்கு இருக்கும்?

உளறல் வராதா? மயக்க மருந்தே கொடுப்பதில்லையா? கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களா? அப்படியென்றால் அவர் சுயநினைவோடுதான்...

இரு. என்ன கேட்டாய்? முழங்கால் தண்ணீர் என்று சொன்னபோது நான் எங்கே நின்றேன் என்றா? ஆற்றங்கரையில்தான். ஐஸ் என்றபோது ராட்சசனுக்கு முன்னால்தான். அவருக்கு எப்படித் தெரியும்? படுத்துக் கிடந்தவர்...

காது.

ஓநாய்ச் சத்தம். ஆற்றுச் சத்தம். ஐயோ, அந்த மணி! ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'ணங்'. கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்! டாக்டர் பத்து நாள் என்றதும் கேட்டிருக்கிறது! மீதி முப்பது நாள் எதற்குக் கட்டிலில் கிடந்தார்? நான் விற்று முடிக்கட்டும் என்றா?

அப்படியென்றால் நான் எடுக்கவே இல்லையே. அவர் விட்டுக்கொடுத்ததாக அல்லவா ஆகிறது இது! நாற்பது நாள் பழியைத் தூக்கித் தர்ம காரியம் ஆக்கிவிட்டாரே பாவி மனுஷர்!

என்ன சொன்னாய்? அதுதான் மன்னிப்புக் கேட்பதா? போம்மா, நீ சின்னப் பெண். படுத்துக்கொண்டு தண்டனையை வாங்கிக்கொண்டால் மன்னிப்புக் கேட்டதாகிவிடுமா? நான் நாற்பது வருஷம் சொல் சேர்த்தவள். எனக்குச் சொல்தான் வேண்டும். 'தப்புதான் சுகந்தி.' இரண்டே சொல். அதை எங்கே சொன்னார்? எங்கே எழுதிக் கொடுத்தார்?

எங்கே எழுதி...

ரிப்போர்ட்.

கட்டிலோரம் பதினோரு நாள் டிக் டிக் என்று... கட்டில்கிட்ட இன்னும் ஒண்ணு இருக்கு, அதத் தொறந்து...

என்னை அப்படிப் பார்க்காதே. ஆமாம், திறக்கவில்லை. நான்தான் திறக்கவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நாத்தனார் வருகிறாள், யார் திறப்பார்கள்? ஒரு பழுப்பு நோட்டு. ஏதோ பழசு என்று...

கண்டக்டர்! கண்டக்டர், முசிறி வந்துவிட்டதா? இறங்க வேண்டும். நாமக்கல் டிக்கெட்தான், அதனால் என்ன? நான் இறங்கினால் உங்கள் பஸ்ஸுக்குத்தான் ஒரு சீட் லாபம். விசிலை ஊதுங்கள்.

நீ அந்தப் பையை எடுத்துக் கொடும்மா. மெதுவாக. ஆட்டாதே. நேற்று விற்றதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும், இன்றைக்குக் காலை ஒரு பத்து நிமிஷம். அணைத்த பெட்டிக்குள் பொழுது போகாது. அங்கே இன்னும் மூன்று நாள் ஆகவில்லை. கப்பல் கிளம்பியிருக்காது. சிவகாசி லோடு மாதிரி இல்லை, அந்தக் கடைக்காரி மேஜைமேல்தான் வைத்திருப்பாள். வீட்டுக்குப் போனதும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் கண்ணுக்கு முன்னாலேயே அதை வாங்கித் திறக்கப்போகிறேன்.

உடனே மனசு இளகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதில் அந்த வார்த்தை இல்லாமல் மட்டும் இருக்கட்டும், அந்தக் கோபுரத்தையே கல் கல்லாகப் பெயர்த்து விற்பேன். இருந்தாலும் சும்மா விடமாட்டேன். தமிழ் மீடியம் மனிதர், பதினோரு நாள் யாரும் திருத்தாமல் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் சிவப்பு மையில் சுழித்து, திரும்ப எழுது என்று கையில் கொடுப்பேன்.

அந்தப் பன்னிரண்டு வெற்று நோட்டும் பிரிக்காமல்தான் இருக்கிறது.